காண்டீவம் நழுவியபோது

குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேர் நின்றது. அர்ஜுனனின் அவயவங்கள் சோர்ந்தன, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, காண்டீவம் கையிலிருந்து நழுவியது, மனம் சுழன்றது. இவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணனிடம் எடுத்துரைப்பவன் அர்ஜுனனே. அந்த அத்தியாயத்திற்கு ‘அர்ஜுன விஷாத யோகம்’ என்றே ஆன்றோர் பெயரிட்டனர். மாவீரனின் நடுக்கத்தை மறைக்க வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பகவான் முதலில் கடிந்துகொள்கிறார். தளர்ச்சியை உதறி எழுமாறு சொல்கிறார். இன்றும் மனம் சோர்ந்தவரிடம் வீட்டார் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அர்ஜுனன் எழவில்லை. (அந்தக் கடிந்துரையே போதுமாயிருந்தால் கீதை ஏறத்தாழ ஐம்பது சுலோகங்களில் முடிந்திருக்கும்.) எது நன்மை என்று தெரியவில்லை, வழி காட்டுக என்று இரண்டாம் அத்தியாயத்தின் 7-ஆம் சுலோகத்தில் அவன் சரணடைகிறான். உபதேசம் 11-ஆம் சுலோகத்தில்தான் தொடங்குகிறது. அர்ஜுனனுக்கு நேர்ந்ததை நோய் என்று கூறுவதற்கில்லை. அது தர்மசங்கடத்தில் பிறந்த துயரம். ஆயினும் உதவி கேட்க அவன் கூசவில்லை.

பக்தர்களின் இல்லங்களில் இந்தக் கூச்சம் இருமடங்காக இருக்கிறது. வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவில் விருப்பமில்லை, பூஜையறையில் அமர்ந்தாலும் மனம் ஒட்டவில்லை என்று ஒருவர் வாய்திறந்தால், ஜபத்தை அதிகப்படுத்தும்படி அறிவுரை வரும். முன்வினைப் பயன் என்ற தீர்ப்பும் வரும். மகளின் திருமணம் தடைபடுமோ என்றஞ்சி மாத்திரைகளை வேறு டப்பியில் மாற்றி வைக்கும் பெற்றோரும் உண்டு. நோயின் சுமையோடு, தன் பக்தி போதவில்லை என்ற குற்றவுணர்வும் அவர்மேல் ஏறுகிறது. இதே இல்லங்களில், வினைப்பயன் என்று சொல்லிச் சர்க்கரை நோய்க்கு மருந்தை நிறுத்துவார் யாருமில்லை. கர்மக் கொள்கை மனநோய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமையாகப் பொருள்கொள்ளப்பட வேண்டும்?

சரக சம்ஹிதை சிகிச்சையை மூவகையாக வகுக்கிறது: மந்திரம், ஹோமம் முதலிய தெய்வத்தைச் சார்ந்தவை, உணவு, மருந்து முதலிய யுக்தியைச் சார்ந்தவை, தீமை பயக்கும் பொருள்களிலிருந்து மனத்தை மீட்கும் சத்வாவஜயம். இவற்றுள் ஒன்று மற்றொன்றை விலக்குவதாக அந்நூல் கருதவில்லை. 1885-இல் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. மனத்தை நோயுற்ற இடத்தில் செலுத்திக் குணப்படுத்திக் கொள்ளலாமே என்று ஒரு பண்டிதர் கூறியபோது, இறைவனுக்குக் கொடுத்துவிட்ட மனத்தை உடலின்பால் திருப்ப அவர் மறுத்துவிட்டார். ஆனால் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் கொடுத்த மருந்தை அவர் மறுக்கவில்லை. அந்த மருத்துவரோ அவரை அவதாரமாக ஏற்றவருமல்லர்.

மறைப்பதன் விலை சிறிதன்று. 2015–16-இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டனர். நம்பிக்கையோடு அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் உற்றாரே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

முதல் முறை மருத்துவரிடம் செல்பவர் தனியே செல்ல நேரக்கூடாது. அறைக்கு வெளியே அமர்ந்திருக்க வீட்டார் ஒருவர் வேண்டும். நோய் தீவிரமாயிருக்கையில் சிலருக்கு நெடுநேர தியானத்தைச் சில காலம் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் சொல்லக்கூடும். அதைத் தீக்ஷை அளித்த குருவிடம் தயங்காமல் தெரிவிக்கலாம். மாத்திரை உண்பதையும் அவரிடம் மறைக்க வேண்டியதில்லை.