பந்தியும் கிண்ணமும்: நற்கருணை வழக்குகள் எழுப்பும் ஓர் அறவினா

அப்பமும் இரசமும் பெறும் வழிபாட்டைக் கத்தோலிக்கர் நற்கருணை என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் திருவிருந்து என்றும் இராப்போசனம் என்றும் வழங்குவர். பெயரைப் போலவே பெறும் முறையும் வேறுபடுகிறது. உரோமை மரபில் புளியாத அப்பம். பைசாந்திய மரபில் புளித்த அப்பம். பின்னவர் இரசத்தில் தோய்ந்த அப்பத்தைக் கரண்டியால் குழந்தைகளுக்கும் ஊட்டுவர். நாவில் பெறுவோரும் கையில் பெறுவோரும் உளர். இவையனைத்தும் வெறும் வழக்கு வேறுபாடுகள்தாமா என்பது ஆராயத்தக்கது.

1415இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் பொதுநிலையினர் கிண்ணத்தில் பருகுவதை விலக்கிற்று. அப்பத்திலேயே கிறித்து முழுமையாக உள்ளார். எனவே அவர்கள் எதையும் இழக்கவில்லை என்பது இறையியல் விளக்கம். விளக்கம் முரணற்றதே. எனினும் பொகீமிய மக்கள் அதனை ஏற்கவில்லை. கிண்ணத்தையே தம் கொடியில் பொறித்துப் போரிட்டனர். குருவுக்கு உரியது தமக்கு இல்லை என்பதே அவர்கள் கண்ட பொருள். 1436இல் அவர்களுக்குக் கிண்ணம் உடன்பாட்டின் வழி மீண்டது.

தமிழகத்தில் இவ்வினா இன்னும் கூர்மையாக எழுந்தது. கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் விடுத்த சுற்றுமடல், சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே கைவிடப் பணித்தது. திருவிருந்துக்குச் சாதிவாரியாகத் தனித்து வருதலும் அதனுள் அடங்கும். சாதி உலகியல் வழக்கு, விசுவாசத்தைச் சாராதது என்பது எதிர்த்தோர் வாதம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774-1864) அப்பக்கமே நின்றார். கிறித்தவத் தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டை மதிப்போர்க்கு இது உவப்பானதன்று. ஆயினும் மறைத்தற்குரியதும் அன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுல் கண்டித்ததும் இத்தகையதே: செல்வர் முந்தி உண்டு நிறைய, இல்லாதவர் பசித்திருந்தனர். அதனைப் பந்தி வஞ்சனை என நம் வழக்கு எளிதாகச் சொல்லிவிடும்.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சபைகளில் தனித்தனிச் சிறு கிண்ணங்கள் புகுந்தன. நோய்க்கிருமி அச்சமே காரணம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று, பொதுக் கிண்ணமும் கரண்டியும் பற்றிய அவ்விவாதத்தைப் புதுப்பித்தது. தோற்றத்தில் இதுவும் பிரிவே. ஆயின், கிருமிக்கு அஞ்சுபவர் தம் வாயையும் ஐயுறுகிறார். விதி எல்லார்க்கும் ஒன்று. சாதிக்கு அஞ்சியவரோ அடுத்தவர் வாயை மட்டுமே ஐயுற்றார். தூய்மை என்னும் சொல் நம்மிடையே இரண்டையும் குறித்து வந்துள்ளமையால், ஒரு சபை கிண்ணத்தைப் பிரிக்கும்போது எந்தத் தூய்மை கருதப்பட்டது என்று அச்சபையின் கடைசி வரிசையில் இருப்பவரைக் கேட்டறிதல் வேண்டும்.