விடையைத் தாமதிப்பது மறைப்பதாகுமா?

இல்மைத் தேடுவது நம் மீது கடமை. ஆனால், தேடாமலேயே கைக்கு வந்து சேரும் விடை இல்ம் ஆகுமா? 2022-ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தது முதல் இக்கேள்வி நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பிள்ளை கணக்கைக் கேட்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி நொடியில் விடை எழுதித் தருகிறது.

துருக்கி நாட்டில் 2023-இல் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடைபெற்றது. கணிதப் பயிற்சியில் ஒரு பிரிவினருக்குக் கேட்டதும் விடை தரும் கருவி. மற்றொரு பிரிவினருக்குக் குறிப்பு மட்டும் தரும் கருவி. மூன்றாம் பிரிவினருக்குப் பாடநூல் மட்டுமே. பயிற்சியின்போது முதற் பிரிவினர் பாடநூல் பிரிவினரை விட 48 சதவீதம் மேலாகச் செய்தனர். கருவியை அகற்றித் தேர்வு வைத்தபோதோ, அவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினர்! குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு பெருமளவு காணப்படவில்லை.

"அறிவை மறைப்பது பாவமாயிற்றே! தெரிந்த விடையைக் கருவி ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை, இலை உதிராத, முஸ்லிமுக்கு ஒப்பான மரம் எதுவெனத் தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவன மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் விடை உதித்தும், நாணத்தால் மௌனமாயிருந்தார்கள். பின்னர் தோழர்கள் வேண்டவே, அது பேரீச்ச மரம் என நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்தார்கள். விடை மறைக்கப்படவில்லை, சிந்தனைக்குப்பின் வழங்கப்பட்டது.

ஆகவே, தொழுகை நேரத்தை அறிய வந்தவனுக்கு உடனே சொல்வதே உதவி. கற்க வந்தவனுக்கோ, முயலவிட்டுச் சொல்வதே உதவி. இவ்விரண்டையும் பிரித்தறிந்து கருவியைச் சமைப்பது, அதைச் செய்வோர் மீதுள்ள அமானிதமாகும்.

2025-இல் சில நிறுவனங்கள் கற்போருக்கெனத் தனி முறையைக் கருவியில் சேர்த்துள்ளன. ஆனால், அதை விட்டு வெளியேற ஒரு விரலசைவு போதும். எனவே பெற்றோரே, கருவியை மூடிய பிறகு, "இப்போது நீயே விளக்கு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை சொல்ல முடிந்ததே அதற்குரிய இல்ம்.

பயன் தரும் கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.