தீரும் நோயும் தீரா நோயும்

சல்லேகனையின் உயர்வை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், அறுவை சிகிச்சையால் தீரக்கூடிய நோய் வந்துற்றபோது, உடலின் மீது பற்று வேண்டா எனக் கூறி அதனை மறுப்பது அறமாகுமா? இதயத்தில் தோன்றும் கட்டிகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

பிற உறுப்புகளிலிருந்து பரவாது இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரியவை. அவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு புற்றுத்தன்மை அற்றவை. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் மிக்சோமா என்பது, பெரும்பாலும் இதயத்தின் இடது மேலறையில் வளர்கிறது. புற்று அன்று எனினும் அது தீங்கற்றதன்று. அதன் துணுக்கு இரத்தத்தோடு சென்று மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். கட்டியே வால்வை அடைத்துவிட்டால் திடீர் மரணமும் நேரலாம். 1954 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையால் இக்கட்டியை வெற்றியுடன் அகற்றினார். இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் இச்சிகிச்சையில் இறப்போர் பொதுவாக நூற்றுக்கு ஐவரினும் குறைவு. பரம்பரையாக வராத கட்டி மீண்டும் தோன்றுவதும் அரிது.

ஆஞ்சியோசர்கோமா என்னும் புற்றுக்கட்டியின் தன்மை வேறு. அது கண்டறியப்படும்போதே பெரும்பாலும் நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவியிருக்கும். அறுவையும் மருந்தும் அளித்த பின்னரும் பலர் ஓரிரு ஆண்டுகளைக் கடப்பதில்லை.

இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும், சல்லேகனைக்குரிய காரணங்களுள் நோயைக் கூறும்போது தீர்வற்ற நோயையே கூறுகின்றன. ஆதலின் கத்திக்கு அஞ்சியோ, செலவுக்கு அஞ்சியோ மிக்சோமாவை விட்டுவைத்து இறப்பது சல்லேகனை ஆகாது. விரதம் காக்கவும், தானம் செய்யவும், நூல் ஓதவும் கருவியாக உள்ள உடலை வீணே இழத்தலே ஆகும். சாவை விரும்புதலும் சல்லேகனைக்குக் குற்றம் என்றே ஆசாரியர் விலக்கினர்.

வாழ்வை விரும்புதலும் அவ்வாறே குற்றமெனப்பட்டது. தீராப் புற்றுற்ற ஒருவரை, நம் பற்றின் காரணமாக, அவர் விருப்பத்தையும் கேளாமல் இயந்திரங்களோடு பிணைத்து வைப்பது அன்பாகாது. அந்நிலையிலும் சல்லேகனை உறவினர் முடிவு செய்வதன்று. நோயுற்றவர் தெளிந்த மனத்தோடு, குருவின் அனுமதி பெற்று மேற்கொள்வது.

இன்னும் ஓர் ஐயம் உண்டு. இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கு மாற்று மருந்து சிறப்புச் சூழல்களிலேயே கையாளப்படுகிறது. கட்டியை அகற்றிய இடத்தை மூடச் சில சமயம் மாட்டின் இதய உறைத் தோல் பயன்படுகிறது. ஆனால் நோயாளியின் சொந்த இதய உறையையோ, செயற்கை இழைத் துணியையோ கொண்டும் மூடலாம். இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிதல் நம் கடமை. மாற்று உள்ள இடத்தில் மாற்றையே நாடுவோம். இல்லாத இடத்தில் இது இம்சை அன்று என வாதிடாமல், உயிரிழந்த விலங்கை எண்ணி வருந்திப் பிரதிக்கிரமணம் செய்வோம். கருதிச் செய்யும் கொலையை விலக்குவதே இல்லறத்தாரின் அணுவிரதம். அதனினும் மிகுதியாகக் காக்க முயல்வது நம் பெருமை.

நோய் தீரக்கூடியதா என்பதை மருத்துவரிடம் தெளிவோம். தீருமெனில் துணிந்து சிகிச்சை பெறுவோம். பெற்ற ஆயுளை அறத்திற்கு ஆக்குவோம். தீராதெனில் கலங்காது நிற்கும் மனத்தை இன்றே பழகுவோம்.