வேலி கடக்கும் ஓசை: உடைமையும் உரிமையும் பற்றி ஒரு சிந்தனை

தனக்குரிய பொருளைத் தான் விரும்பியவாறு மாற்றியமைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா? உண்டு எனின், அவ்வுரிமை எங்கே முடிகின்றது? அறவியலில் இவ்வினா பழமையானது. நிலம், வீடு, செல்வம் என்பவற்றை முன்வைத்தே இது பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. எந்திரங்கள் மனிதனின் அன்றாட உடைமைகளாகிவிட்ட காலத்தில் இதே வினா புதிய வடிவிற் பிறக்கின்றது. டேர்போ பொருத்திய மோட்டார்க் காரொன்றிற்கு அதன் உரிமையாளன் கடையில் வாங்கிப் பூட்டும் ‘புளோ ஓஃப் வால்வு’ என்னும் சிறு கருவி அவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். கைப்பிடிக்குள் அடங்கும் பொருளாயினும் அது எழுப்பும் கேள்வி சிறிதன்று.

முதலில் அக்கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசை வீணாகாமல் அதனைக் கொண்டே ஒரு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியின் மறுபுறத்தில் உள்ள அமுக்கியால் வளியை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே டேர்போவின் தத்துவம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெற்றோல் எஞ்சினில் வளி செல்லும் வழியில் ஒரு தட்டு உண்டு. ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்ததும் அத்தட்டு மூடிக்கொள்ளும். ஆயின் அமுக்கியோ உடனே நிற்பதில்லை. அது நெருக்கித் தள்ளிய வளி மூடிய தட்டில் மோதித் திரும்பிச் சுழலும் இதழ்களைத் தாக்கும். இத்தாக்குதலைத் தவிர்க்கவே வால்வு ஒன்று வைக்கப்படுகின்றது. தட்டு மூடியதும் அதற்கப்பால் உண்டாகும் வெற்றிடம் ஒரு மெல்லிய குழாயின் வழியே வால்வின் வில்லை இழுக்க, வால்வு திறந்து மிகையான வளிக்கு வழிவிடுகின்றது.

தொழிற்சாலையிற் செய்யப்பட்ட கார்களிற் பெரும்பாலானவற்றில் அவ்வளி வெளியே விடப்படுவதில்லை. அது அமுக்கியின் முன்வாயிலுக்கே மீண்டும் செலுத்தப்படும். அதனால் ஓசை மிகக் குறைவு. கடையில் விற்கப்படும் வால்வுகளுட் பல அவ்வளியைத் திறந்த வெளியில் விடுகின்றன. அப்பொழுது எழும் சீற்றமே பலரை அதன்பால் ஈர்க்கின்றது. வளி உட்செல்லும் வாயிலிலேயே அதனை அளந்து, அந்த அளவுக்கேற்ப எரிபொருளைக் கொடுக்கும் எஞ்சின்களில் இதனால் ஒரு தீங்கும் நேர்கின்றது. அளக்கப்பட்ட வளி வெளியே போய்விட, அதற்கென அளிக்கப்பட்ட எரிபொருள் மட்டும் உள்ளே வந்து சேர்கின்றது. கணப்பொழுது எரிபொருள் மிகுந்து கரும்புகை எழும். நாளடைவிற் புகையைத் தூய்மையாக்கும் கருவியும் பழுதுறும். டீசல் எஞ்சின்களின் நிலை இதனினும் வியப்புக்குரியது. அவற்றிற் பொதுவாக அத்தகைய தட்டே வளிவழியை அடைப்பதில்லை. ஆதலின் இவ்வால்வுக்கு அங்கே வேலையே இல்லை. எனினும் மின்விசையினால் திறந்து மூடும் ஏற்பாட்டைச் செய்து, ஓசைக்காகவே அதனைப் பூட்டுவோரும் உளர்.

ஆகவே நம்முன் உள்ள வினா இவ்வாறு அமைகின்றது: தொழிலுக்குச் சிறிதும் உதவாத, அல்லது சிறிதே உதவுகின்ற ஒரு மாற்றத்தை, அதன் ஓசையின் பொருட்டு ஒருவன் தன் காரிற் செய்துகொள்வது அறத்துக்கு ஒத்ததா?

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை செல்லும் வீதியில் அத்தகைய காரொன்று போவதாகக் கொள்வோம். இருமருங்கும் ஆழமற்ற கடல். பரவைக்கடலில் வலை பார்ப்போர் சிலர். ஆளற்ற வீடுகள் பல. தீவுப்பகுதியின் அமைதி பெயர்பெற்றது. அந்த அமைதியிலே ஒவ்வொரு வளைவிலும் அவ்வால்வு சீறுகின்றது. காருக்குரியவனைக் கேட்டால் அவன் விடை எளிதாக இருக்கும்: கார் என்னுடையது, பணம் என்னுடையது, உழைப்பும் என்னுடையது.

இவ்விடையை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலந்தமையாலேயே அப்பொருள் அவனுடையதாகின்றது என்று ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் பதினேழாம் நூற்றாண்டில் வாதித்தார். அவ்வாதத்தின்படி நோக்கின், தன் கையாலே வால்வைப் பூட்டியவன் தன் காரை முன்னையினும் மிகுதியாகத் தனதாக்கிக்கொள்கின்றான். செய்தவன் எவ்வாறு செய்தானோ அவ்வாறே பொருளை வைத்திருத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு எவ்வறநூலிலும் இல்லை. பொருளைச் செய்தவனின் கருத்தே அறத்தின் அளவுகோலெனின், மனிதன் கண்ட முன்னேற்றங்களுட் பல தோன்றியிருக்கவே மாட்டா.

யாழ்ப்பாண மக்களின் அண்மை வரலாறே இதற்குச் சான்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிற்று. தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் தங்கியோரும் அந்நெருக்கடியைப் பகிர்ந்துகொண்டனர். அக்காலத்திற் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனைத் தாங்கின, புதியவை தாங்கவில்லை. மதிப்பிழந்து மூலையிற் கிடந்த கார்கள் அதனாலேயே மீண்டும் வீதிக்கு வந்தன. நோயாளரை ஆசுபத்திரிக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் கொண்டுசென்றவை அவையே. எஞ்சினைச் செய்தவன் மண்ணெண்ணெயைக் கருதியிருக்கமாட்டான். எனினும் அம்மாற்றத்தை முறையற்றது என எவரும் சொல்லத் துணியார்.

அக்கார்களும் புகை கக்கின. அவற்றின் நாற்றமும் இரைச்சலும் அயலாரைத் தொட்டன. அங்ஙனமாயின் மண்ணெண்ணெய்க் காரைப் போற்றி வால்வுக் காரைப் பழிப்பது எவ்வாறு பொருந்தும் என வினவலாம். தேவை என்பது ஒரு விடை. அது உண்மையே, ஆயினும் முழுமையான விடையன்று. தேவைக்குச் செய்வன எல்லாம் நல்லன, இன்பத்துக்குச் செய்வன எல்லாம் தீயன என்று கொள்வோமாயின் கலைக்கும் விளையாட்டுக்கும் வாழ்வில் இடமில்லாது போய்விடும். எந்திரத்தின்பால் இளைஞன் கொள்ளும் ஈடுபாடு இழிந்ததன்று. அதன் உள்ளுறுப்புகளை அறிந்து, கழற்றி, பூட்டி, செப்பஞ் செய்வதில் உண்மையான அறிவின்பம் உண்டு.

இனி, ஓசைதான் குற்றமோ எனின், அதுவுமன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்தில் தவிலும் நாதசுரமும் மணியோசையும் தீவெங்கும் கேட்கும். குறிகட்டுவானிலிருந்து அடியார்களை ஏற்றிச் செல்லும் படகுகளின் எஞ்சின் இரைச்சலும் அதனோடு சேரும். அவ்வோசைகளும் வேலி கடந்து செல்வனவே. ஆயின் அவற்றுக்கு ஒரு காலம் உண்டு. ஒரு பொதுப்பொருள் உண்டு. கேட்போரும் ஏதோவொரு வகையில் அதிற் பங்காளர். பங்காளர் அல்லாதார்க்கு அதுவும் தொல்லையாதல் கூடும் என்பதையும், ஒலிபெருக்கியை அளவின்றி முழக்குவோர் இதே வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

வால்வின் ஓசையோ வேறு வகையினது. காருக்குள் இருப்பவனுக்கு அது இன்பம் தருகின்றது என்பது பாதி உண்மையே. பிறர் கேட்கின்றனர் என்னும் நினைவே அவ்வின்பத்தின் மறுபாதி. ஆளற்ற வெளியில் மட்டும் அதனை ஒலிக்க விடுக எனின் பலர் அதனைப் பூட்டவே மாட்டார். எனவே, தம் இசைவைத் தெரிவியாத செவிகளை அவன் தன் பெருமைக்குக் கருவியாக்குகின்றான். பொருள் அவனுடையது, செவி அவனுடையதன்று. அறவியற் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

நெடுந்தீவிற் காணிகளைச் சுற்றி, சாந்து பூசாது பவளப் பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளைக் காணலாம். ஆட்டையும் மாட்டையும் அவை தடுக்கும். எது தனது, எது அயலானது என்பதை அவை ஐயமின்றிக் காட்டும். ஆயின் காற்றையும் ஓசையையும் புகையையும் அவை தடுப்பதில்லை. உடைமை வேலிக்குள் நிற்பது. அதன் விளைவு வேலிக்குள் நிற்பதன்று. இவ்வேறுபாட்டை மறந்து, பொருளின் எல்லையையே உரிமையின் எல்லையாகக் கொள்வதே காருக்குரியவனது வாதத்தில் உள்ள பிழையாகும்.

யாழ்ப்பாணத்தார் இவ்வுண்மையை அறியாதவரல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், காணியை விற்க விரும்புவோன் உரித்தாளர், பங்காளர் முதலானோர்க்கு முதலில் அறிவித்தல் வேண்டும் என்னும் முன்கொள்வனவு உரிமையை ஏற்றது. தன் காணியைத் தான் விற்பதற்கே பிறரைக் கேட்கவேண்டும் என்பது தனியுரிமையை மட்டும் நோக்குவோர்க்கு விந்தையாகத் தோன்றலாம். அவ்வழமையின் குறைகள் யாவையாயினும் அதனுள் ஒரு கருத்து உறைந்துள்ளது: உடைமை என்பது ஒரு மனிதனுக்கும் ஒரு பொருளுக்கும் இடையிலான தொடர்பு மட்டுமன்று, அப்பொருளைச் சூழ்ந்து வாழும் மனிதருக்கிடையிலான தொடர்புமாகும்.

வாய்மையின் நோக்கிலும் இது கருதற்குரியது. தட்டே இல்லாத டீசல் எஞ்சினில் மின்விசையால் வால்வைச் சீறச் செய்பவன், எந்திரத்தில் நிகழாத ஒன்றை நிகழ்வதாகக் காட்டுகின்றான். மண்ணெண்ணெய்க் கார் தன்னை வேறொன்றாகக் காட்டவில்லை. அதன் புகையே அதன் வறுமையைச் சொல்லிற்று. பொய்யோசை எழுப்பும் வாகனத்தில் எந்திரம் பேசுவதற்கு மாறாக உரிமையாளனின் ஆசை பேசுகின்றது. இஃது ஒரு சிறு பொய்யே எனலாம். சிறு பொய்களிற் பழகிய மனம் பெரியவற்றை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதே அஞ்சத்தக்கது.

இன்னொரு சோதனையும் உண்டு. இலங்கையில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனைக்குச் செல்லுமுன், பூட்டிய பாகங்களைக் கழற்றிவிட்டுப் பழையவற்றைப் பூட்டி, சான்றிதழ் பெற்றபின் மீண்டும் மாற்றிக்கொள்வான் ஒருவன் எனின், அவன் செயலே அவனுக்கு எதிரான சாட்சியாகின்றது. வெளிப்படையாகச் செய்ய நாணும் ஒன்றை உரிமை என உரைத்தல் பொருந்தாது.

சட்டம் இருக்கின்றதே, அறஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு சனவரியில் இலங்கைப் பொலிசார் வாகனங்களில் அனுமதியின்றிப் பூட்டிய ஒலி, ஒளிக் கருவிகளையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையைத் தொடங்கியபோது, பஸ், முச்சக்கரவண்டித் தரப்பினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பை வெறும் பிடிவாதம் எனல் தகாது. நாள் முழுவதும் தன் வண்டியிலேயே வாழ்பவன் அதனை அழகுசெய்ய விரும்புவதில் தவறென்ன? சட்டம் அளவுகோலால் அளப்பது. தீங்கற்ற அலங்காரத்தையும் பிறரை வருத்தும் இரைச்சலையும் அது சிலவேளை ஒரே பட்டியலில் எழுதிவிடும். அவற்றைப் பிரித்தறிவது மனச்சான்றின் வேலை. மனச்சான்று தன் வேலையைச் செய்யாத இடத்திலேதான் சட்டம் பருமனாகின்றது.

மாற்றத்தின் விளைவு பெரிதாகுந்தோறும் பொறுப்பும் பெரிதாகும் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ மக்களை ஏற்றிச்செல்லும் படகின் எஞ்சினிலே அதன் உரிமையாளன் தன் விருப்பப்படி மாற்றம் செய்வானாயின், அங்கே பணயம் வைக்கப்படுவது செவியன்று, உயிர். படகு என்னுடையது என்னும் சொல் நடுக்கடலில் எவ்வளவு பொருளற்றது என்பதைத் தீவு மக்கள் நன்கறிவர். வீதியிற் செல்லும் காருக்கும் அதே நியாயம்தான் பொருந்தும், அளவிலேயே வேறுபாடு.

ஆதலின் தன் பொருளை மாற்றியமைக்க விரும்புவோன் மூன்று வினாக்களைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளல் தகும். இம்மாற்றம் உண்மையில் ஏதேனும் தொழில் செய்கின்றதா, அன்றிச் செய்வதுபோற் காட்டுகின்றதா? இதனை எவர் முன்னும் மறையாது செய்ய இயலுமா? இதன் விளைவு சென்றடையும் மனிதர், கேட்கப்பட்டால், இசைவார்களா? மண்ணெண்ணெய்க் கார் இம்மூன்றுக்கும் விடை சொல்லும். தேய்ந்த வால்வை அகற்றி வலிமையான ஒன்றைப் பூட்டி, வளியை முன்போலவே உள்வழியில் திருப்பிவிடும் இளைஞனும் விடை சொல்வான். அவன் ஆர்வமும் திறமையும் சிறிதும் குறைவதில்லை. குறைவது ஓசை ஒன்றே.

நெருக்கப்பட்ட வளிக்கு ஒரு வழி வேண்டும் என்பதில் ஐயமில்லை. இளமையின் வேகத்துக்கும் அவ்வாறே. அவ்வழி பிறர் முகத்திற் சீறுவதாக அமையவேண்டும் என்ற கட்டாயம் எந்திரத்திலும் இல்லை, மனிதனிலும் இல்லை. மிகையான விசையை மீண்டும் தன் உழைப்புக்கே திருப்பிக்கொள்ளும் வழியும் உண்டு. அதனைத் தெரிந்துகொள்ளும் உரிமையே உடைமையாளனுக்குரிய மேலான உரிமையாகும்.