ஓய்வும் தர்மமும்

மாலத்தீவுக்கோ இலட்சத்தீவுக்கோ சென்று, பவளத்திட்டுகளால் அலையடங்கிய நீர்க்கரையில் சில தினங்கள் ஒன்றுமே செய்யாமல் கிடந்து வரத் திட்டமிடும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பெருகிவிட்டன. அந்த ஆசையைப் போகம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. உணவிலும் உலாவலிலும் உறக்கத்திலும் அளவு காப்பவனுக்கே யோகம் துக்கத்தை நீக்கும் என்று கூறும் கீதையின் ஆறாம் அத்தியாயம் விச்ராந்திக்கு இடமளித்தே பேசுகிறது.

ஆயினும் ஓய்வு யாருக்கு உரியது என்ற வினாவுக்கு, பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள சோழர் காலச் சாசனம் தரும் விடை என் உள்ளத்தை நெகிழச் செய்கிறது. சோழர் தீவுகளை அறியாதவரல்லர். முதலாம் இராஜராஜன் பன்னீராயிரம் தீவுகளை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறும், அவை மாலத்தீவுகளே என்பர் சரித்திராசிரியர். அவனுக்குப் பின்வந்த வீரராசேந்திரனின் படையும் கடல் கடந்து கடாரம் வரை சென்றது. அந்த வீரராசேந்திரன் காலத்தில், சுமார் 1068ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட இச்சாசனமோ, வேதம் பயிலும் மாணாக்கர் சனிக்கிழமைகளில் தலைமுழுக எண்ணெயும், அவர்களோடு கோயிற் பணியாளரும் நோயுற்றபோது கிடந்து தேற 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையும், அங்கே மருத்துவர், மருந்து கொணர்வோர், தாதியர், நாவிதர் ஆகியோருக்கு ஜீவிதமும் விதித்துள்ளது. உழைப்பவனின் களைப்பையும் பெருமாளின் செல்வமே தாங்கக் கடமைப்பட்டது என்று அக்காலத்தார் கருதினர் போலும்.

ஆகவே தீவு விடுதிக்கு முன்பணம் அனுப்புமுன், அங்கே நமக்குப் படுக்கை விரிப்பவனுக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று கேட்டறிவதும் பிரயாண ஏற்பாட்டில் சேர்ந்ததே.