வினவுதலும் ஒரு தவமே

நம் ஜினாலயங்களில் ஸ்வாத்யாயம் நடைபெறும் முறையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவர் நூலைப் படித்துப் பொருள் கூறுகிறார். ஏனையோர் அமைதியாகக் கேட்கின்றனர். இறுதியில் 'ஐயம் ஏதேனும் உண்டா?' என்று வினவினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இவ்வமைதியை நாம் பணிவு என்று கொள்கிறோம். அது முற்றும் பொருந்துமா?

பெரியவர்கள் வினவாமைக்குக் காரணம் இரண்டு. 'இதுகூடத் தெரியாதா?' என்று பிறர் எண்ணுவரோ என்னும் நாணம் ஒன்று. மற்றொன்று சமயம் பற்றிய அச்சம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. தத்துவார்த்த சூத்திரமும் நற்காட்சிக்குரிய அதிசாரங்கள் ஐந்தனுள் சங்கையை முதலில் வைக்கிறது. ஆகவே, வினவுவதே குற்றமோ என்று பலர் தயங்குகின்றனர்.

ஆயின், அந்நூலே ஒன்பதாம் அத்தியாயத்தில் ஸ்வாத்யாயத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்து, அதனை ஐந்தாக வகுக்கிறது. வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்நாயம், தர்மோபதேசம் என்பன அவை. இவற்றுள் பிருச்சனையாவது வினவுதல். அது படித்தலுக்குப் பின்னும் சிந்தித்தலுக்கு முன்னும் நிற்கிறது. ஐயம் அறுதலும், துணிந்த பொருள் வலுப்பெறுதலும் அதன் பயன் என்பது பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரையின் கருத்து. எனவே, ஐயமின்மையை அடையும் வழியே வினவுதல். உள்ளத்தில் மறைத்து வைத்த ஐயந்தான் நாளடைவில் நற்காட்சியை அரிக்கும். நம் புராணங்களிலும் சிரேணிக மன்னன் வினவ, கௌதம கணதரர் விடை அருளுகிறார்.

எல்லா வினாவும் சிந்தனையைத் தூண்டுமா? 'அணுவிரதங்கள் எத்தனை?' என்றால் 'ஐந்து' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மாறாக, இவ்வாறு கேட்டுப் பார்ப்போம். 'நெற்பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் சிராவகர் செய்வது தொழில் பற்றி நேரும் உத்யோகி இம்சையா, கருதிச் செய்யும் சங்கல்பி இம்சையா? மருந்தின்றிப் பயிரைக் காக்கும் வழி இருந்தும் அதை நாடாவிடில் விடை மாறுமா?' கழனியை நம்பி வாழும் நம் குடும்பத்தார்க்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. இல்லறத்தார் சங்கல்பி இம்சையை முற்றும் விலக்க வேண்டும் என்பதை அனைவரும் கேட்டிருக்கிறோம். தம் கழனியில் அதன் எல்லை எங்கே அமைகிறது என்பதை உழுபவரே ஆராய்ந்தாக வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு அவையினர் துணை நிற்கலாம்.

அவையை நடத்துவோர் வினவியபின் தாமே விடை கூறிவிடாமல் சற்றுக் காத்திருத்தல் நலம். ஒருவர் கூறியதை மறுக்குமுன், 'எந்த நயத்தால் இவ்வாறு கூறுகிறீர்கள்?' என்று கேட்பது அநேகாந்த நெறிக்கு ஏற்றது. விடை தெரியாதவிடத்து, 'அடுத்த முறை நூலைப் பார்த்துக் கூறுகிறேன்' எனலில் இழுக்கொன்றும் இல்லை. தம் புலமையைக் காட்டவும் பிறரை மடக்கவும் கேட்பது மட்டும் தவத்தில் சேராது. அது மானகஷாயத்தையே வளர்க்கும்.

அடுத்த ஸ்வாத்யாயத்தில் ஒரு பக்கம் குறைவாகப் படித்தாலும் குறையில்லை. நம் வாழ்வைத் தொடும் வினா ஒன்றையேனும் எழுப்பி, அதனை இல்லத்திற்கும் எடுத்துச் சென்று சிந்திப்போமாக.