‘நைஸ்’ என்றொரு சொல்

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்கள் ‘க்ளைமேட் ரொம்ப நைஸ்’ என்கிறார்கள். தென்காசிக் கடைத்தெருவில் துணி நைஸாக இருக்கிறது. வீட்டில் மாவை நைஸாக அரைக்கிறோம். ஆனால் ‘நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக் கொண்டான்’ என்னும்போது மட்டும் முகம் சுளிக்கிறோமே, ஏன்?

இந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அரபியில் ஜாஹில் என்போமே, அதுதான். பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300-ல் ஆங்கிலத்துக்கு வந்தபோது மூடன் என்றே பொருள். பின்னர் அளவு மீறி நுணுக்கம் பார்ப்பவன், நுட்பமானது என்றெல்லாம் மாறி, 18-ஆம் நூற்றாண்டில்தான் ‘இனியது’ ஆயிற்று. (நம் வீட்டு மாவில் அந்த நுட்பம் இன்னும் இருக்கிறது!) தமிழில் அதற்குத் தந்திரம் என்ற பொருளையும் நாமே சேர்த்துக் கொண்டோம். அது ஒன்றும் தவறான தீர்ப்பல்ல.

இனிய பேச்சில் இரண்டு வகை உண்டென்று நம் இமாம்கள் பிரித்தார்கள். ஒன்று முதாரா, மற்றது முதாஹனா. இரண்டாவதன் வேர் ‘துஹ்ன்’, அதாவது எண்ணெய். குற்றால அருவிக்கரையில் முன்பெல்லாம் எண்ணெய் தேய்த்து விட்டார்களே, அந்த வழவழப்பை நாவில் தேய்த்துக் கொள்வதுதான் முதாஹனா. சூரத்துல் கலம் 9-ஆம் வசனத்தில் இதே வேர்ச்சொல் வருகிறது: நீர் சற்று வளைந்து கொடுத்தால் தாங்களும் வளையலாம் என மக்கத்துக் காஃபிர்கள் ஆசைப்பட்டார்கள்.

அப்படியானால் கெட்டவரிடம் மென்மையாகப் பேசுவதே கூடாதா? தீயவர் என்று தாமே குறிப்பிட்ட ஒருவர் உள்ளே வந்ததும், நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கனிவாகப் பேசியதையும், ஆயிஷா (ரலி) அவர்கள் அதுபற்றி வியந்து கேட்டதையும் புகாரி இமாம் (ரஹ்) முதாரா பற்றிய பாடத்திலேயே பதிவு செய்துள்ளார்கள். குர்துபி இமாம் (ரஹ்) தரும் விளக்கம் இது: துன்யாவை விட்டுக் கொடுப்பது முதாரா, துன்யாவுக்காக தீனை விட்டுக் கொடுப்பது முதாஹனா. அன்று கனிவு காட்டப்பட்டது. தீயது நல்லதென்று புகழப்படவில்லை.

நம் வீடுகளுக்கு வருவோம். சகோதரிகளின் வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் வயலையும் கடையையும் தாமே வைத்துக் கொண்டிருப்பவர் விருந்து வைக்கிறார். ஊரே போய் உண்கிறது. ‘தங்கமான மனிதர்’ என்கிறது. கேட்டால், ‘நமக்கேன் வம்பு, உறவு கெட்டுவிடும்’ என்கிறார்கள். கெடப்போவது யாருடைய உறவு? பங்கு கிடைக்காமல் இருக்கும் அந்தப் பெண்ணுடைய உறவு கெட்டு எத்தனையோ வருடமாயிற்று!

மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரையும் ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படிதான் அல்லாஹ் அனுப்பினான். ஆனால் இஸ்ராயீலின் மக்களை விடுவிக்கக் கேட்கும் செய்தியை அவர்கள் விட்டுவிடவில்லை. விருந்துக்காரரிடமும் சபையில் வேண்டாம். தனியே, ஸலாம் சொல்லி, அருகில் அமர்ந்து, ‘தங்கச்சி பங்கை எப்போது எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்கலாமே.